கம்பி போட்டவர் முதலில்

1978 ஆகஸ்ட் 7, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவதுபோல் வந்து போய்விட்டது. சன்னல் திரைகள் துவைத்தேன், காயவில்லை.

திரையைப் பிழியும்போது, போன மாதம் ஹாஜா பாய் கேட்டது நினைவுக்கு வந்தது. கடைக்காரர் சங்கக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும். சங்கத்துக்கு எழுத்து வேலையெல்லாம் நான்தான். "டீச்சர், மொதல்ல எழுதிக் குடுத்தவனுக்கு மொதல்ல கரண்டு. இதுல என்ன தப்பு?"

பழைய கம்பத்தில், கிராமத்துக்கே ஒன்றாயிருந்த தண்ணீர்க் குழாயை உதாரணம் சொன்னேன். வாளியை வரிசையில் வைத்துவிட்டு ஆள் வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருப்பார். பின்னால் குடத்தோடு நிற்பவர் நின்றுகொண்டே இருப்பார். நம் தெருவிலும் அதே கதை. தெருக் கேபிள் இன்னும் மூன்று பெரிய இணைப்புகளைத்தான் தாங்கும். புதுக் கேபிள் எப்போது வருமென்று மின்சார அலுவலகத்துக்கே தெரியாது. கடையே இல்லாதவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டு முன்னால். மாவு மில்லுக்கு இயந்திரம் வாங்கி இறக்கிவிட்ட ஃபிலோமினா கடைசியில்.

ஆகவே என் விதி: யார் கடையில் வயரிங் முடிந்து, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையெழுத்துப் போட்டிருக்கிறாரோ, அவருக்கு முதலில். பாய் மேசையைத் தட்டினார். "டீச்சர் சொன்னா சரிதான் லா!" சங்கத் தலைவர் அவர். அவரே அலுவலகத்தில் பேசிச் சம்மதிக்கவைத்தார்.

மாலையில் பாய் வீட்டு நோன்புக் கஞ்சி. இந்த நோன்புக்கு முதல் தூக்குச்சட்டி. இஞ்சி கொஞ்சம் தூக்கல்.

நாளைக்கு: சோப்பு, வெங்காயம், மூக்குக் கண்ணாடிக்குத் திருகு.

ஆகஸ்ட் 10, வியாழன்

நல்ல மழை. தேக்கா சந்தையில் தரையெல்லாம் சேறு. வெங்காயம் ஆயிற்று, திருகு மறந்தாயிற்று.

ஃபிலோமினா கடையில் வயரிங் முடிந்தது. கணவர் போன பிறகு, எங்கள் மாதா கோயில் பங்கிலுள்ள வீடுகளுக்கெல்லாம் கையால் மசாலா இடித்துக் கொடுத்து வந்தவள். உள்ளங்கை இரண்டும் காய்ப்பு. என் வீட்டுப் படியிலிருந்தே கூப்பிட்டாள்.

"அக்கா, வந்து பாருங்க. சுவிட்ச் போர்டு புதுப்பொண்ணு மாதிரி நிக்குது. மாப்பிள்ளைதான் வரணும்."

"வருவார் வருவார். நாளைக்கே கையெழுத்தைக் கொண்டுபோய்க் குடு."

"கிறிஸ்மஸ் பலகாரத்துக்கு உங்க அரிசிதான் மொதல்ல. சொல்லிட்டேன்."

எனக்கும் ஒரே சந்தோஷம். வயதான காலத்தில் ஒரு காரியம் உருப்படியாக.

ஆகஸ்ட் 11, வெள்ளி

வெயில். நண்பகலில் ஃபி. வந்தாள். மேலே ஏறவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மூணும் போயிடுச்சுக்கா."

மூன்று இணைப்பும் ஹாஜா பாய்க்கு. தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கும் அவருடைய மூன்று கடைகள். உள்ளே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. ஆனால் வயரிங் இருக்கிறது. கூட்டம் முடிந்த கையோடு ஆள் வைத்துக் கம்பி இழுத்திருக்கிறார். கையெழுத்தும் சுத்தம். விதிப்படி எல்லாம் சரி. என் விதிப்படி.

அவருடைய ஜவுளிக்கடைக்கு நேரே போனேன்.

"பாய், அந்தக் கடைங்கள்ல என்ன ஓட்டப் போறீங்க?"

"இப்ப ஒண்ணும் இல்ல டீச்சர். வாடகைக்கு விடலாம்னு. கரண்டு உள்ள கடைன்னா சும்மாவா?"

"ஃபிலோமினா மெஷினை எறக்கி வெச்சிருக்கா."

"நான் பொய் ஒண்ணும் எழுதலையே. வயரிங் முடிச்சவனுக்கு மொதல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? முடிச்சேன்." சேலையை மடித்தபடியே சொன்னார். "வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க."

உட்காரவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் பொறுத்திருப்பேன். எப்போதும்போல் பேசினார். என் கணவர் இறந்தபோது வண்டி பிடித்து, கல்லறைவரை கூட வந்தவர்.

மாலையில் கஞ்சி வந்தது. குடிக்கவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே தூக்கு வெறுமையாகப் போனதில்லை. நாலு வாழைப்பழமாவது இருக்கும். இன்று கழுவித் துடைத்து வெறுந்தூக்காகக் கொடுத்தேன். பாயின் மனைவி, பாயம்மா, மூடியைத் திறந்தார், மூடினார்.

ஆகஸ்ட் 14, திங்கள்

தலைவலி. தைலம் தீர்ந்துவிட்டது.

மின்சார அலுவலகம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், உங்க சங்கம் கேட்ட ரூல்தானே. நாங்க ஃபாலோ பண்றோம், அவ்ளோதான்."

இயந்திரம் உள்ளே இருக்கவேண்டும். குறித்த நாளுக்குள் ஓடவேண்டும். ஓடாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. மூன்றே வரி. ஏன் எழுதவில்லை? காலிக் கடைக்கு யார் கம்பி போடுவார் என்று நினைத்தேன். பரீட்சைக்கு முன் எந்தப் பையனை எந்தப் பையனிடமிருந்து பிரித்து உட்காரவைப்பது என்று நன்றாகத் தெரிந்தவள் நான். பாயைப் பார்த்து அப்படி ஒரு எண்ணம் வரவில்லை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா திருநாள். கோயிலில் கூட்டம், காற்றே இல்லை. பூசை முடிந்து ஃபி. கையைப் பிடித்தாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பாய் கடையில ஒண்ண எடுத்துட்டேன். நாளைக்கு மெஷின் அங்க போகுது."

"அந்த மனுஷன்கிட்டயா?"

"கரண்டு அங்கதானே இருக்கு. உங்க கோவத்துல மாவு அரைக்க முடியுமா, சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அவள் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் ஆசையாகத் தேடிப் பிடித்த கடை, அந்தப் புது சுவிட்ச் போர்டு, எல்லாம் விட்டுவிட்டு, வரிசையில் தன்னை முந்தியவருக்கே வாடகைக்காரியாகப் போகிறாள். வழி போட்டுக் கொடுத்தது நான்.

"பாய் உங்களத்தான் கேட்டாரு. டீச்சர் நல்லாருக்காங்களான்னு."

இரவு சாப்பாடு வேண்டியிருக்கவில்லை.

ஆகஸ்ட் 17, வியாழன்

தூறல். அடுத்த தெருச் சங்கத்தார் இருவர் வந்தார்கள். அவர்கள் தெருவிலும் கேபிள் போதவில்லையாம். நம் விதி வேண்டுமாம். "நீங்க எழுதினதாமே டீச்சர். ஹாஜா பாய் வாய் ஓயாம புகழ்றாரு."

காப்பி கொடுத்தேன். விட்டுப்போன மூன்று வரிகளையும் சேர்த்துப் புதிதாக எழுதினேன். வேறு ஏதேனும் ஓட்டை இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. இனி என் கண்ணை நம்புவதாக இல்லை. அதனால் தாளின் அடியில் அவர்களுக்காக இதையும் எழுதினேன்:

இதற்குக் கை தூக்கும் முன், உங்கள் சங்கத்தில் நீங்கள் மிகவும் நம்பும் ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் இந்த விதியை வைத்தே உங்களை எப்படி ஏமாற்றலாம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.