சின்னவளின் ஈயக்கட்டி

மே 9

கொட்டகையை ஒட்டின சமையலறை எனக்கு. பறக்கிற கிளப் ஆட்களுக்கு இது விடுமுறை. வருஷா வருஷம் இந்த மலைக்கு வந்து, எஞ்சின் இல்லாத கிளைடரில் ஏறிக் காற்றைப் பிடித்துச் சுற்றுவார்கள். போன வருஷம் என் பெரியவனும் வந்தான். எதிரே தெரிகிற மலையில்தான், மேகத்துக்குள் மாட்டி, மோதிப் போய்ச் சேர்ந்தான். ஜன்னலுக்குத் துணி கட்டிவிட்டுத்தான் வெங்காயம் நறுக்குகிறேன்.

இந்த வருஷம் சின்னவள் தனியாகப் பறக்கப் போகிறாளாம். அண்ணன் பார்த்ததைத் தானும் பார்க்கணுமாம். சண்டை போட்டேன், அழுதேன். "நீ வராட்டியும் நான் போவேம்மா" என்றாள். சமைக்க ஆள் தேடினார்கள். வந்துவிட்டேன். மிச்சம் இருக்கிறது ஒன்று. அதையும் இந்த மலைக்குக் கொடுத்துவிட்டு நான் யாருக்குச் சமைப்பேன்?

மே 10

பறக்கக் கற்றுத்தருகிற வாத்தியார் இன்றைக்கு எல்லோரையும் எடை போட்டார். நெட்டை ஆள். ஒட்டகம் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் காதுபடவே. சின்னவள் எடை மிஷினில் ஏறினதும் குனிந்து பார்த்து, "என்னம்மா, முள்ளு தூங்குது? ஏறிட்டியா, இன்னும் ஏறலையா?" என்றார். ஒரே சிரிப்பு.

அண்ணன் போனதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. எலும்பும் தோலும். சீட்டுக்கு அடியில் ஈயக்கட்டி வைத்துத் திருகாணி போட்டு இறுக்கினால்தான் கிளைடருக்குக் கனம் சரியாக வருமாம். "ஈயம் இல்லாம இவளைத் தனியா விடமாட்டேன். இந்தக் கட்டி ஒண்ணுதான் இருக்கு. தொலைச்சிடாதீங்கப்பா" என்றார் ஒட்டகம்.

ஒண்ணுதான் இருக்கு.

மே 11

தட்டில் பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். சாப்பிடுடி என்று சொல்ல வாய் வரவில்லை. லேசாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். தாயா நான்?

மே 12

எடுத்துவிட்டேன். உருளைக்கிழங்கு மூட்டைக்குள் இருக்கிறது.

மே 13

நாள் முழுக்கத் தேடினார்கள். ஒட்டகம் வண்டிக்கு அடியிலெல்லாம் படுத்துத் தேடினார், பாவம். என்னிடமும் கேட்டார். "நான் அடுப்படியில கிடக்கேன், எனக்கென்ன தம்பி தெரியும்?" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது!

சின்னவள் கெஞ்சினாள். "ஒரு பையில கல்லைப் போட்டு வச்சுக்கலாமே சார்?"

"வேணாம். நகர்ற சாமான் எதுவும் உள்ள வரக்கூடாது. உருண்டு போய் ஓட்டுற கம்பியில மாட்டுச்சுன்னா திருப்ப முடியாது. மலை எதிர்ல வந்து நிக்கும்."

அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கு மனசு குளிர்ந்தது. நாளையோடு இந்த வருஷம் பறக்கிறது முடிகிறது. வீட்டுக்குப் போய்விடலாம்.

மே 14

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். சின்னவள் கூழாங்கல் பொறுக்கிப் பெரியவனுடைய பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"கட்டி கிடைச்சிடுச்சு, மாட்டியாச்சுன்னு சொல்லிட்டேன். சார் அந்தக் கோடியில கயிறு இழுக்கிற மிஷின்கிட்ட இருக்கார், பார்க்கமாட்டார். நீ வாயைத் திறக்காதே."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவிட்டாள். உருளும், மாட்டும், திருப்ப முடியாது — ஐயோ, அந்தக் கல்லை அவளைப் பொறுக்க வைத்ததே நான்தானே!

சமையலறைக்கு ஓடி மூட்டையைக் கவிழ்த்தேன். கிழங்கெல்லாம் தரையில் உருண்டது. கட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு புல்வெளியில் ஓடினேன். ஒரு செருப்பு எங்கேயோ போச்சு. "நிறுத்துங்க! நிறுத்துங்கப்பா!" கிளைடரை மேலே இழுக்கிற கயிறு மாட்டியாயிற்று. கண்ணாடி மூடிக்குள் அவள் முகம். மூடியைத் திறந்தாள். மண் ஒட்டின கட்டியைப் பார்த்தாள்.

"நீயாம்மா?"

"நான்தான். இறங்கு."

ஒட்டகம் ஓடிவந்தார். பையைப் பார்த்தார், கட்டியைப் பார்த்தார். "அந்த மலையில இருந்து ஒருத்தனைத் தூக்கிட்டு வந்த தோள்க்கா இது. இன்னொண்ணு தாங்காது." பிறகு அவளிடம், "பொய் சொன்னவங்களுக்கு இந்த வருஷம் கிளைடர் கிடையாது."

நான் கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷத்தைக் காணோம்.

மே 15

வண்டி மதியத்துக்குத்தான். சமையலறைத் தரையில் கிழங்கு பொறுக்கினேன். சின்னவளும் வந்து குனிந்து பொறுக்கினாள். அலமாரிக்கு அடியில் போனதையெல்லாம் அவள்தான் கை விட்டு எடுத்தாள்.

அவித்து, உப்புப் போட்டுத் தட்டில் வைத்தேன். தொடவில்லை.

"சாப்பிடுடி."

"எதுக்கு?"

வாயில் வந்துவிட்டது. "அடுத்த வருஷம் நீ பறக்கிறப்ப அந்தக் கட்டி தேவைப்படக் கூடாது."

ஒரு கிழங்கை எடுத்து உரித்தாள். பிறகு சாப்பிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை நீட்டினாள்.

இன்னொரு கரண்டி போட்டேன்.