சொதிக்கு விட்ட பால்

12.8.2004, வியாழன்

இரண்டு மாதப் பேத்தியின் மலத்தில் இன்றும் இரத்தம். தாய்ப்பால் மட்டும்தான் குடிக்கிறாள். பசுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, தாயும் அதைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லி மூன்று கிழமை. மகள் பால் தேத்தண்ணியையும் விட்டுவிட்டாள். களவாய் ஐஸ்கிரீம் தின்கிறாள் என்று மேய்ஸ் ஹில் கோயில் முழுக்கக் கதை பரப்பியவன் நான்.

இன்று நான் அவளுக்குச் சோற்றோடு சொதி வைக்கையில் குசினியில் கேட்டாள். "அப்பா, சொதிக்கு என்ன பால் விடுறனீங்கள்?"

"மாட்டுப்பால்தான் பிள்ளை. என்ரை கொலஸ்ட்ரோலுக்காகத் தேங்காய்ப்பாலை நிப்பாட்டினனான் எல்லோ."

ஏசுவாள் என்று நின்றேன்.

"என்ரை பால்தான் பிள்ளைக்கு நஞ்செண்டு நினைச்சு அழுதனான், அப்பா."

நாளைக்குத் தேங்காய்ப்பால் வாங்கலாம். கோயிலில் கொட்டிய கதையை எப்படி அள்ளுவது?