பதில் சொல்லாத நம்பர்

ஏ கீச்சு,

இன்றைக்கும் நீ கூப்பிட்டாய். பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தேன். கை முழுக்கச் செதில். முந்தானையில் துடைத்துவிட்டு பட்டன் போனை எடுப்பதற்குள், வாங்க வந்த அம்மா வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். மீன் வாடைக்கு நடுவே காதில் நீ. "வணக்கம். இது தேர்தல் கருத்துக்கணிப்பு. உங்கள் பதில் ரகசியமாக வைக்கப்படும்."

பிறந்ததும் நீ அழுத அழுகைக்கு நான் வைத்த பேர் கீச்சு. உன் ஆபீசிலோ நல்ல குரல் என்று பதிந்துகொண்டார்கள். காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்த பிறகும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். பதிவு செய்த அன்று உனக்குச் சளி. கஷாயத்தைக் குடிக்காமல் ஓடினாய். "மூன்றை அழுத்தவும்" என்பதற்கு முன்னால் மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சுகிறாய். அதை யாரும் வெட்டவில்லை. அதற்காகத்தான் நான் காத்திருப்பது.

முதல் தடவை வந்தபோது, "சாப்டியாடி?" என்று கேட்டுவிட்டேன். "நீங்கள் எந்த எண்ணையும் அழுத்தவில்லை" என்றாய். பக்கத்துக் கடை மரியக்கா, "எந்தக் கட்சிக்காரன்டி உன்னத் தேடிக்கினு கெடக்கறான்?" என்று சிரித்தாள். போனை அவள் காதில் வைத்தேன். சிரிப்பு நின்றது. ஈரக் கையோடு சிலுவை போட்டுக்கொண்டாள்.

வேலைக்குப் போன புதிதில் நீயே ஊரெல்லாம் போன் போட்டுவிட்டு வந்து புலம்புவாய். "எடுக்கறவங்க எல்லாம் வீட்ல சும்மா இருக்கறவங்கம்மா. மீன் விக்கறவங்க, நோணாங்குப்பத்துல படகு ஓட்றவங்க, யாரும் எடுக்கறதே இல்ல. எடுத்தவங்க சொல்றத வச்சு ஊரே இப்டி நெனைக்குதுன்னு எழுதிடறாங்க."

"நான் எடுத்தா மட்டும் ஊரு மாறிடுமா?"

"மாறாது. கணக்குல நீயும் இருப்ப."

இன்னொரு நாள் அதே வாயால், சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாய். "எவன் கேட்டாலும் யாருக்கு ஓட்டுன்னு சொல்லாதம்மா. பேரு, நம்பரு, பதிலு எல்லாம் ஒண்ணாத்தான் கெடக்குது. நேத்து ஒரு கட்சிக்காரரு வந்து எங்க சாரு பக்கத்துல குந்திக்கினு தெரு வாரியாப் பாக்கறாரு."

நம் ஊர் எவ்வளவு பெரிது? ஒரு தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் ஆயுசு நூறு என்பார்கள். என் கடை இடமே ஒரு கட்சிக்காரர் சொல்லிக் கிடைத்தது.

போன வாரம் உழவர்கரைக்கு, உன் ஆபீசுக்கே போனேன். உன் நாற்காலியில் வேறொரு பெண். "அந்தக் குரல எனக்குக் குடு பாப்பா, எம் பொண்ணுது" என்றேன்.

"அதெல்லாம் வெளிய குடுக்கக் கூடாதும்மா."

ஊரார் பதிலை வெளி ஆளுக்குக் காட்டலாம், பெற்றவளுக்கு நீ மூக்கு உறிஞ்சுவதைத் தரக்கூடாதாம். நான் நகராமல் நின்றேன். அந்தப் பெண்ணுக்கு மனசு இளகியிருக்க வேண்டும். "பதில் சொல்லாத நம்பருக்குத்தாம்மா மெஷின் திரும்பத் திரும்பப் போடும். முழுசா சொல்லிட்டா அப்புறம் வராது" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டுதான் மீன் வெட்டுகிறேன். வேறு யாராவது கூப்பிட்டால் கோபம் வருகிறது. தேர்தல் முடிந்தால் எப்படியும் நிறுத்திவிடுவார்கள் என்கிறாள் மரியக்கா. அதற்குள் ஒரு தடவையாவது பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு மனசு. இன்றைக்கு நீ மூக்கை உறிஞ்சுகிறவரைக்கும் கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது. அழுத்தினால் கணக்கில் நான் இருப்பேன்; நீ வர மாட்டாய்.

போனில் வருகிற பிள்ளை பயப்படாமல் சொல்லு என்கிறாள். சோறு தின்றுகொண்டிருந்த பிள்ளை சொல்லாதே என்றாள். நாளைக்கு நீ கூப்பிடும்போது எந்தப் பிள்ளை பேச்சை நான் கேட்பது, கீச்சு?