வழியாமல் நின்ற தண்ணீர்

இன்று காலை பக்கத்து வீட்டு மாடித் தொட்டி நிறைந்து வழிந்தது. மோட்டாரைப் போட்டவர்களைக் காணோம். "ஏலே, மோட்டாரை நிறுத்துங்க, நல்ல தண்ணி வீணாப் போகுது!" என்று சன்னல் வழியாகக் கத்தினேன். கத்தி வாயை மூடவில்லை, உன் முகம் வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் சமையலில் மனம் ஓடவில்லை. நீ இறந்துபோய் இன்றோடு மூன்று மாதம்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை பார்த்த உன் வீட்டுக்காரர் எழுபத்திரண்டில் உன்னைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்தார். தெருவே உன்னைச் 'சிங்களத்தி' என்றுதான் சொல்லிற்று. வந்த மாதமே பௌர்ணமியன்று வெள்ளைச் சேலை உடுத்தி வாசலுக்கு வந்தாய். உன் மாமியார் போட்ட சத்தம் கடற்கரை வரை கேட்டிருக்கும். "கட்டுனவன் குத்துக்கல்லாட்டம் இருக்கான், இவ வெள்ளை உடுத்திட்டு நிக்குதா பாரு!"

நீ எதிர்வீட்டுக்கு, என் அடுப்படிக்கு, ஓடி வந்து அழுதாய். "புத்தர் பிறந்தது, ஞானம் அடைஞ்சது, போனது எல்லாமே பௌர்ணமியிலதான் அக்கா. நல்ல நாள் எண்டுதானே வெள்ளை உடுத்தினன்."

அன்றைக்கே உன் புத்தர் காலண்டர் படம் என் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டப்பட்டது. பௌர்ணமிதோறும் பூவோடு வருவாய். "எங்க பிள்ளையாரும் அரசமரத்தடியிலதான் இருக்காரு. உங்க புத்தரும் அவரும் ஒரே வளவுல குடியிருக்கிறவங்கதானே?" என்று கேலி செய்வேன். நீ சிரிப்பாய். "அந்த மரத்துக் கிளையையே உங்க நாட்டு ராசகுமாரிதான் கப்பல்ல எங்களுக்குக் கொண்டு வந்தா. புத்தர் பர்மா, சீனா, ஜப்பான் எல்லாம் போயிட்டார். அனுப்பி வைச்ச நீங்கதான் மறந்திட்டீங்க."

மூன்று வருடம் கழித்து உன் அம்மா இறந்த தந்தி வந்தது. நீ நிறைமாதம், போக விடவில்லை. மூன்றாம் மாதம் உன் அண்ணன் அங்கே பிக்குகளுக்குத் தானம் கொடுக்கும் அதே காலையில் இங்கே நீயும் தண்ணீர் வார்க்க வேண்டும் என்றாய். உன் வீட்டில் அதற்கு இடம் ஏது? கைப்பிள்ளையோடு என் வீட்டுக்கே வந்தாய்.

"அம்மாட பேரைச் சொல்லிக் குவளை நிரம்பி வழியும்வரை வார்க்கணும் அக்கா. வழிஞ்சாத்தான் நாம செய்த புண்ணியம் போய்ச் சேரும். அதுவரைக்கும் அவங்க பசியோட வாசல்ல நிப்பாங்களாம்."

அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. குழாயில் நான்கு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். விடியுமுன் வரிசையில் நின்று, சண்டை போட்டு, இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டு வந்திருந்தேன். நீ மண்டியிட்டு, கண்ணை மூடி, பேரை மனசுக்குள் சொல்லி, செம்பிலிருந்து நூல் போல வார்த்தாய். குவளை நிரம்பியது. தண்ணீர் விளிம்பில் தளும்பி நின்றது.

பாழாய்ப்போன என் கை தானாக நீண்டது. செம்பைப் பிடித்து நிமிர்த்திவிட்டேன். "ஏளா, போதும்! நல்ல தண்ணி!"

நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். "ஐயோ, ஊத்துளா, ஊத்து" என்று கெஞ்சினேன். "வேண்டாம் அக்கா. இடையில நிண்டா நிண்டதுதான்" என்றாய். குவளைத் தண்ணீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் என் குடத்திலேயே ஊற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் சுவரில் தலையை முட்டிக்கொள்ளாத குறை.

அப்புறம் பௌர்ணமிக்கு நீ வரவில்லை. பேச்சு விட்டுப்போகவில்லை, குழம்பு கொடுத்து வாங்கினோம், பிள்ளைகளை வளர்த்தோம். பல வருடம் கழித்து ஒருநாள் அடக்கமாட்டாமல் கேட்டேன். "அன்னைக்கு அம்மாவுக்குப் போய்ச் சேந்திருக்குமாளா?"

நீ முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். "தெரியாது அக்கா" என்றாய். என் மனசு ஆற ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லக்கூடாது என்பது உங்கள் ஐந்து சீலங்களில் ஒன்று. அதை மட்டும் நீ விடவேயில்லை.

போன வாரம் உன் மகனிடம் மூன்றாம் மாதத் தானத்தைப் பற்றிச் சொன்னேன். "அம்மா அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சே பெரியம்மா. இப்ப எதுக்கு?" என்றான். ஏன் விட்டாய் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இன்று நானே உனக்கு வார்க்கலாம். உன் பேரைச் சொல்லி, வழிய வழிய. ஆனால் உன் அம்மாவை இத்தனை வருடம் வாசலில் பசியோடு நிறுத்தியவள் நான். அவளுக்கு வார்க்காமல் உனக்கு எப்படிளா வார்ப்பேன்? அவள் பேர் என்னவென்று நான் உன்னைக் கேட்கவேயில்லை.