சோறு தொடாத நூறு நாள்

1949 ஜனவரி 17, திங்கள்

டெலிபோன் ஆபீசில் மறுபடி உட்கார்ந்து இன்றோடு ஐந்து நாள். டச்சுக்காரன் ஊரைப் பிடித்த அன்று எங்கள் ஆட்கள் எல்லாரும் வேலையை உதறிவிட்டுப் போனார்கள். நான் மட்டும் திரும்பி வந்திருக்கிறேன். காலையில் எதிர்வீட்டு கர்சோவின் பெண்டாட்டி என்னைப் பார்த்துத் துப்பினாள். "புருஷனப் பொதைச்ச மண்ணு காயல. அதுக்குள்ள வெள்ளக்காரன் வேலை கேக்குதோ?"

கேட்கிறதுதான். உனக்கென்னடி தெரியும்?

என் கணவரைச் சுட்டவனின் முகத்தை நான் பார்க்கவில்லை. நெல் வைக்கும் அறையில், மூங்கில் தட்டிக்குப் பின்னால் இருந்தேன். "எங்கடா ஒளிஞ்சிருக்கானுங்க?" என்று மலாயில் கேட்டான். அவர் வாயைத் திறக்கவில்லை. அவன் நாக்கை இரண்டு தரம் சொடுக்கினான், கோழியைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு வெடிச் சத்தம்.

ஊரில் எந்த அதிகாரி பேசினாலும் என் காதைத் தாண்டித்தான் போகவேண்டும். வருவான். பேசித்தானே ஆகவேண்டும்!

ஜனவரி 24

அத்தை இன்றும் மரவள்ளிக்கிழங்குதான். மகனைப் புதைத்த அன்றே சொல்லிவிட்டார், கொன்றவன் சாகும்வரை சோறு தொடமாட்டேன் என்று. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. எழுந்தால் தூணைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு பிடி சாப்பிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"நூறாம் நாள் படையல்ல சாப்பிடறேன். அதுக்குள்ள அவனைக் கண்டுபிடி சுலஸ்மி. இல்லேன்னா எனக்கும் சேத்துப் படையல் போடு."

ஏப்ரல் ஐந்து, அவர் போய் நூறாம் நாள்.

பிப்ரவரி 3

இன்றும் அந்த நாக்குச் சத்தம் லைனில் இல்லை.

பிப்ரவரி 16

கேட்டுவிட்டேன்! கேட்டேவிட்டேன்!

டச்சுப் பட்டாளம் தங்கியிருக்கும் சர்க்கரை ஆலை முகாமிலிருந்து. டக், டக் என்று நாக்கு. "நோனா, ஆஸ்பத்திரிக்குக் குடு." டெலிபோன் பெண்களை அவர்கள் நோனா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இணைப்புப் பலகையில் செருகியை வேறு துளையில் குத்திவிட்டேன். அவன் சிரித்தான். "வேலைக்குப் புதுசா? பரவாயில்ல." சிரிக்கிறான் பாவி! என் வீட்டில் யாரும் சிரித்து ஐம்பத்திரண்டு நாள் ஆகிறது.

குரல் கொஞ்சம் தடித்திருந்த மாதிரி இருந்தது. ஜலதோஷமாக இருக்கும். நாக்கு அதேதான்.

மார்ச் 9

பெயர் லெப்டினன்ட் ரைகர்ஸ். சனிக்கிழமை காலையில் ஆலையில் பாதிப் பேர் ரோந்து போய்விடுகிறார்கள். லைனில் ஒட்டுக்கேட்ட இதையெல்லாம் சந்தையில் சோயா டெம்பேக் கட்டி விற்கிற கினெம் அக்காவிடம் சொன்னேன். அவள் கூடையோடு சேர்ந்து சேதியும் மலையில் ஒளிந்து சண்டை போடும் நம் பையன்களுக்குப் போகும்.

"அவன்தான்னு நிச்சயமா? நம்ம பசங்க உசுரைக் குடுத்து எறங்குவானுங்க. நல்லா யோசிச்சு சொல்லு."

"என் காது பொய் சொல்லாதுக்கா."

ஏப்ரல் 2, சனி

ஏழு மணிக்கு ஆலைப் பக்கம் நம் பையன்கள் சுடத் தொடங்கினார்கள். ஏழேகாலுக்கு அவன் கூப்பிட்டான்.

"நோனா! தலைமையகம்! சீக்கிரம்!"

"லைன் கிடைக்கலீங்க. கொஞ்சம் இருங்க."

செருகியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் கத்தினான், திட்டினான், பிறகு கெஞ்சினான். எவ்வளவு நன்றாக இருந்தது! இன்னும் கொஞ்சம் கெஞ்சடா என்று நினைத்தேன். அப்புறம் கேட்டேன். "டிசம்பர் இருபத்தேழு. பர்தோனோ வாத்தியார், என் புருஷன். ஞாபகம் இருக்கா?"

"டிசம்பர்லயா? அப்ப நான் சுமத்ராவுல இருந்தேன். ஜனவரிக் கடைசியிலதான் இங்க மாத்தினாங்க. நோனா, உனக்குப் புண்ணியமாப் போகும்..."

பொய். சாகப்போகிறவன் எதைத்தான் சொல்லமாட்டான்? இணைப்பைப் பிடுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 3

ரைகர்ஸ் செத்தான். நம் பையன்களிலும் இரண்டு பேர்.

ஏப்ரல் 5

நூறாம் நாள். தெருவுக்கே சோறு போட்டோம். கர்சோவின் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தெரியாமப் பேசிட்டேன்டி. மனசுல வச்சுக்காத."

அத்தை இலைக்கு முன்னால் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"அவன்தானே?"

"அவன்தான் அத்தை."

மூன்று பிடி சாப்பிட்டார். நாலாவது பிடியில் அழுகை வந்துவிட்டது. நானும் சாப்பிட்டேன். நூறு நாளில் இன்றுதான் சோறு சோறாக இருந்தது.

ஏப்ரல் 11

ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள்.

டக். டக்.

"நோனா, தலைமையகம் குடு." பிறகு பக்கத்தில் யாரையோ அதட்டினான். "எங்கடா ஒளிஞ்சிருக்கானுங்க, கேட்டியா அவனை?"

இந்தக் குரலில் ஜலதோஷம் இல்லை. தட்டிக்குப் பின்னால் நான் கேட்ட குரல் இதுதான். இதேதான். ஐயோ, இதேதான்!

"நீங்க யாருங்க பேசறது?" என்றேன்.

"சார்ஜென்ட். மலைச் சாவடியில இருந்தேன், நேத்துதான் இங்க திரும்பி வந்தேன். ஏன்?"

அப்படியானால் ரைகர்ஸ்? இவனைப் பார்த்து அவனும் நாக்கைச் சொடுக்கப் பழகினானா? முகாமில் எல்லாருமே இப்படித்தான் சொடுக்குகிறார்களா? சுமத்ரா என்றானே. கெஞ்சினானே. அந்த இரண்டு பையன்கள்... கினெம் அக்கா யோசித்துச் சொல் என்றாளே!

வீட்டுக்கு வந்தபோது அத்தை சோறு வடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. எனக்குச் சோறு வேண்டாம், வயிறு சரியில்லை என்றேன்.

ஏப்ரல் 27

சார்ஜென்ட்டை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்களாம். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 29, புதன்

டச்சுக்காரர்கள் போகிறார்கள். காலையிலிருந்து லாரிகள். ஊரே கத்திக் கொண்டாடியது. நான் சாலையோரம் நின்று ஒவ்வொரு லாரிக்கும் காதைக் கொடுத்தேன். இந்தச் சத்தத்தில் என்ன கேட்கும்?

கர்சோவின் பெண்டாட்டி மஞ்சள் சோறு கொண்டுவந்தாள். வீரப் பெண்ணுக்காம். அத்தை பிரித்து என் முன்னால் வைத்தார். நான் தட்டை நகர்த்தினேன்.

"என்னடி இது? ரெண்டரை மாசமா வயிறு சரியில்லங்கற?"

"ஆமா அத்தை. நீங்க சாப்பிடுங்க."

அத்தை கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு சாப்பிட்டார். அடுப்பில் எனக்குக் கிழங்கு வேகிறது.