மார்த்தாவில் தண்ணி ஏறுது

பென்வார்த், கார்ன்வால்
மார்ச் 1986

என் அருமை மகன் ஹெட்லிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நடமாடிக்கிட்டு இருக்கோம், நீயும் மொய்ராவும் குழந்தையும் அந்த ஆஸ்திரேலியா வெயிலில் சுகமா இருக்கணும்னு தினமும் ஜெபம் பண்றேன். இந்தக் கடுதாசியைப் பாதி எழுதி எழுதி அடுப்பில் போட்டுட்டேன். உட்கார்ந்தா எழுந்திரிக்கத் தோணுது, எழுந்தா எதுக்கு எழுந்தேன்னு தெரியலை, நேத்து அடுப்பில் வச்ச கறி பேஸ்டி கருகி வீடெல்லாம் புகை, ஜன்னலைத் திறந்தா மழை.

நீ பள்ளிக்கூடம் போற வயசில் மார்த்தா வெள்ளீயச் சுரங்கத்தைத் திரும்பத் திறந்தாங்களே, உள்ளே நெறைஞ்சு கிடந்த தண்ணியை இறைச்சு, புது ஆலை வச்சு, ஊரே கல்யாண வீடு மாதிரி இருந்துச்சே. அப்பா அங்கே தண்ணி இறைக்கிற பம்புக்காரரா சேர்ந்த நாளிலிருந்து எனக்கு மார்த்தா சக்களத்திதான், என் பேரைவிட அவள் பேரைத்தான் அதிகம் சொன்னார். மேனேஜரே மார்த்தாவில் உனக்கு இடம் வச்சிருக்கார், வந்துடுன்னு போன கோடையில் எழுதினோம். நீயும் அங்கே பார்க்கிற சுரங்க வேலையை விடப்போறேன், வீட்டை விலை பேசறேன்னு பதில் போட்டே. அக்டோபரில் வெள்ளீயத்தின் விலை தடார்னு விழுந்துச்சு. நம்ம ஆளுங்க பஸ் பிடிச்சு லண்டன் போய்ச் சத்தம் போட்டாங்க, மந்திரிங்க பொறுமையா கேட்டுக்கிட்டு வெறுங்கையோட அனுப்பிட்டாங்க. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் கம்பெனி பம்பை நிறுத்தச் சொல்லிடுச்சு. நிறுத்தினது அப்பா கைதான்.

ஆனா இங்கே ஆம்பளைங்களுக்கு ஒரு கிறுக்கு இருக்கு, உனக்குத் தெரியாததா. ஏற்கெனவே மூடித் திறந்தவள்தானே, இவளுக்குச் சாவே கிடையாதுன்னு நெனப்பு. பம்புக்காரங்க எல்லாரும் சாயங்காலம் சுரங்க வாய்க்குப் போய், வேலிக்கு மேலே ஒரு கல்லைப் போட்டு, அது தண்ணியில் விழற சத்தம் எவ்வளவு நேரம் கழிச்சு வருதுன்னு காது கொடுப்பாங்க. ஒவ்வொருத்தரா போறதை நிறுத்திட்டாங்க, அப்பா கூட பம்பு பார்த்த எர்னி ஆங்கோவ் இப்போ ரொட்டி வண்டி ஓட்டறான். உங்கப்பா மட்டும் விடலை. தண்ணி இன்னும் ஆழத்தில்தான் கிடக்கு, சுலபமா இறைச்சுடலாம், பையனை வரச் சொல்லி எழுதுன்னு தினமும் வந்து என்னை அரிச்சு எடுப்பார்.

நேத்து நானும் கூடப் போனேன். பொம்பளை சுரங்கத்துக்கிட்ட வந்தா ஆகாதுன்னார், இனிமே கெடறதுக்கு என்ன மிச்சம்னு கேட்டேன். கல்லைப் போட்டார். நான் தலைத்துணியைக் காதைவிட்டு ஒதுக்கறதுக்குள்ளே தொப்புனு விழுந்துடுச்சு. எனக்கே கேட்டுச்சு, ஹெட்லி. அவர் இன்னொரு பெரிய கல்லாத் தேடி எடுத்துப் போட்டார். அதுவும் அப்படித்தான். வேலியைப் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் சொன்னார்,

"அவனை வர வேண்டாம்னு எழுது, மொர்வென்னா."

உன்னை இந்த வாசலில் பார்க்க நான் எத்தனை வருஷமா தவிக்கிறேன்னு உனக்குத் தெரியும். இருந்தும் எழுதறேன். வராதே, ராசா. வீட்டை விற்காதே, முன்பணம் வாங்கியிருந்தா திருப்பிக் கொடுத்துடு, உன் மேலதிகாரிகிட்ட மானம் ரோஷம் பார்க்காமல் போய் வேலையைத் திரும்பக் கேளு. மொய்ரா திட்டினா வாங்கிக்கோ.

 வீட்டுக்கு வந்து வாசல் படலைத் திறக்கும்போது அப்பா, உன் சுரங்கத்தில் பம்பு பார்க்க ஆள் எடுக்கறாங்களான்னு கேட்டார். ஆஸ்திரேலியா போறவனெல்லாம் ஓடுகாலின்னு உன் மூஞ்சிக்கு நேரே சொன்ன மனுஷன். ஐம்பத்தெட்டு வயசாகுது. 

கர்த்தர் உங்க மூணு பேரையும் தம் கைக்குள்ளே வச்சுக் காக்கட்டும். குழந்தையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. அப்பா கேட்டதை மறக்காமல் விசாரி. வேலை இருக்குன்னா அவர் பேருக்கு எழுது. இல்லைன்னா என் பேருக்கு எழுது.

உன் அம்மா,
மொர்வென்னா நான்கெர்விஸ்