ஆமைகள் தின்ற மஞ்சள் பூ

பலெர்மோ, 1996 ஏப்ரல் 16, செவ்வாய்

நான் வீட்டுவேலை செய்யும் வீட்டின் அம்மா, சின்யோரா, காலையில் தன் வேலைக்குப் புறப்படும்போது, "தோட்டத்தில் மஞ்சள் பூப் பூத்த களையைப் பிடுங்கி ஆமைகளுக்குப் போடு" என்றார். அங்கே மஞ்சள் பூ இரண்டு விதம். ஒன்றின் தண்டைக் கடித்துப் பார்த்தேன். ஊர்ப் புளியாரை போலவே புளித்தது. நாங்கள் தின்பதுதானே என்று கூடை நிறையப் போட்டேன். இரண்டு ஆமைகளும் தின்று தீர்த்தன.

மாலையில் திரும்பிய சின்யோரா, நான் எதைப் போட்டேன் என்று கேட்டதும் பதறிவிட்டார். "இதை அதிகம் தின்றால் சிறுநீரகம் கெடும். நான் சொன்னது மற்றச் செடியை!"

பக்கத்து வீட்டில் வேலை செய்யும் மேரியக்காவோ, "எங்கடை சின்யோராவின்ரை ஆமை உந்தப் பூவைத்தான் நெடுகத் தின்னுது. ஒண்டும் நடக்கேல்லை, பயப்பிடாதை" என்றார். யாரை நம்புவது?

நிறையக் குடிக்கட்டும் என்று இரண்டையும் தண்ணீர்த் தட்டில் விட்டோம். பெரியது குடித்தது. சின்னது தலையை வெளியே நீட்டவே இல்லை. உடம்பு நோகிறதா, நித்திரையா என்று அதனிடம் எந்தப் பாஷையில் கேட்பேன்?